பெயரைச் சுருக்கட்டுமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு 'ம்' கொட்டிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். குடியுரிமை வாங்கும்போதே பெயரையும் சுருக்கிக்கொள்ளலாமாம், சுருக்கட்டுமா என்றாய். அது அப்பத்தாவின் பெயர். சட்டென்று எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் கிடந்தபோது, டெக்சஸில் ஆஸ்டினிலிருந்து நீ கூட்டிப்போன ஃபிரெடெரிக்ஸ்பர்க் ஊர் ஞாபகம் வந்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின் என்று ஊர்க்காரர்களே பட்டம் வைத்த அந்த எட்டுப்பட்டைக் கட்டடம். அதே மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரரும், கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியின் தலைவரும் இருக்கும் வெண்கலச் சிலை. வழியில் வாங்கிய பீச் பழத்தைக் கடித்து, சாறு முழங்கை வரை ஒழுக நின்றேனே, அங்கேதான். அந்த வெள்ளைக்காரரைப் பற்றி வந்த பிறகு நிறையப் படித்தேன்.

ஜெர்மனியில் டில்லன்பர்க் என்ற ஊரில் 1812-இல் பிறந்தவர். ஓட்ஃபிரீட் ஹான்ஸ், மொய்செபாக் பிரபு. பெயருக்கு முன்னால் பிரபு என்று போட்டுக்கொள்ளும் வீடு. டெக்சஸில் ஜெர்மானியரைக் குடியேற்ற ஜெர்மனியில் இருந்த பிரபுக்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் பொறுப்பை ஏற்று 1845-இல் இவர் வந்து இறங்கினார். இறங்கியதும் பட்டத்தைக் கழற்றிவிட்டு ஜான் ஓ. மொய்செபாக் ஆகிவிட்டார். அடக்கம் என்று புகழ்கிறார்கள். எனக்கென்னவோ பாதி அடக்கம், பாதி சாமர்த்தியம் என்றுதான் படுகிறது. இவருக்கு முன் பொறுப்பில் இருந்தவர் ஓர் இளவரசர். அவர் விட்டுப்போனது கடனும் குழம்பிய கணக்கும்தான். அதற்குப் பிறகு இன்னொரு பட்டத்தை யார் மதிப்பார்கள்?

பெயரை மாற்றியதால் கஷ்டம் குறைந்துவிடவில்லை. கப்பல் கப்பலாக ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். கையில் பணமில்லை. 1846-இல் மெக்சிகோவோடு போர் தொடங்க, வண்டி மாடெல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது. ஈர மணலில் கூடாரம், காய்ச்சல், நூற்றுக்கணக்கில் சாவு. அந்த வருஷத்தின் கடைசி நாளில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற குடியேற்ற ஊரில் அவருடைய ஜனங்களே, தூக்கில் போடுவோம் என்று திரண்டு வந்திருக்கிறார்கள்.

சில வாரத்தில் மனுஷர் கொமாஞ்சி மக்களின் நிலத்துக்குள் போய்விட்டார். அவர்கள் முகாமை நெருங்கியதும், கூட வந்தவர்களைத் துப்பாக்கிகளை வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காலியாக்கச் சொன்னாராம். நினைத்துப் பார், எதிரில் அத்தனை வீரர்கள், கையில் குண்டில்லாத துப்பாக்கி! செம்பட்டைத் தாடியைப் பார்த்து அவர்கள் இவருக்கு 'எல் சோல் கொலராடோ', அதாவது சிவந்த சூரியன், என்று பெயர் வைத்தார்கள். 1847 மே 9-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. கொமாஞ்சிக்குக் கிடைத்தது 3,000 டாலர் பொருள். சங்கத்துக்கோ 38 லட்சம் ஏக்கருக்குள் போக வழி. பேரத்தில் யார் ஜெயித்தது என்று உனக்கே தெரியும்.

அப்புறமும் அவர் டெக்சஸிலேயே தங்கிவிட்டார். மாநில செனட்டர் ஆனார். கடைசிக் காலத்தில் லாயல் வேலி என்ற சின்ன ஊரில் கடை வைத்தார், தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார், பழமரமும் ரோஜாவும் வளர்த்தார். 85 வயது நிறைந்த மறுநாள், 1897 மே 27-இல் இறந்தார். அந்தப் பக்கத்துச் செர்ரி ஸ்பிரிங்கிலேயே அடக்கம்.

இவர் கழற்றியது முன்னால் இருந்த பட்டத்தை. மொய்செபாக் என்பது அந்த ஊர் வாய்க்கு லேசில் வராத பெயர்தான், ஆனாலும் அதை விடவில்லை. நீ எதைக் கழற்றுகிறாய் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். மற்றபடி உன் இஷ்டம், எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் உண்டு, அது போகும். அப்பத்தாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் அனுப்புகிறோம். அதில் முழுப் பெயர்தான் எழுதுவேன். தபால்காரரிடம் இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
அப்பா