உன் சோர்வுக்கு நீ காரணமல்ல, மகளே

அன்புள்ள மகளுக்கு,

விபத்துக்குப் பிறகு மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை என்றும், எவ்வளவு தூங்கினாலும் உடல் அசந்துபோகிறது என்றும் தொலைபேசியில் சொன்னாய். சொன்ன கையோடு, "நான்தான் சோம்பேறியாகிவிட்டேன்" என்றும் சொல்லி முடித்தாய். அதை நான் ஏற்கவில்லை. தலையில் பலத்த அடிபட்ட பெண்களுக்கு ஹார்மோன்கள் குறையக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே நீ உன் மனத்தின் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

மூளையின் அடியில், எலும்பாலான ஒரு சிறு குழிக்குள், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலேயுள்ள ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியுடன் ஒரு மெல்லிய காம்பு அதை இணைக்கிறது. சுரப்பியின் முன்பகுதிக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பங்கு அந்தக் காம்பை ஒட்டி இறங்கும் நுண்குழாய்கள் வழியாகவே வருகிறது. தலை வேகமாக மோதும்போது காம்பு இழுபடலாம். மூளை வீங்கும்போது குழாய்கள் நசுங்கலாம். சினைப்பை, கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் ஆகிய மூன்றும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்களால் இயங்குபவை என்பதால், அவற்றில் எந்தப் பழுதும் இல்லாமலே அவற்றின் சுரப்பு குறைந்துவிடும். 1918-இலேயே இது மருத்துவ இதழில் பதிவாகியிருந்தும் நீண்ட காலம் அபூர்வமானது என்றே கருதப்பட்டது. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதுதான், தலைக்காயம் பட்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு ஏதேனும் ஒரு பிட்யூட்டரி ஹார்மோன் குறைவு இருப்பது தெரியவந்தது. ஸ்கேனில் சுரப்பி இயல்பாகத் தெரிவதை மட்டும் வைத்து, குறையில்லை என்று முடிவுசெய்ய முடியாது.

முதல் சில மாதங்களில் மாதவிலக்கு நின்றுபோவது, உடல் பட்ட அதிர்ச்சியாலும் நேரலாம். பலருக்கு அது தானாகவே திரும்பிவிடுகிறது. ஆனால் திரும்பாமலே நீளும்போது ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, உடல் திடீரெனச் சூடாவதும் பிறப்புறுப்பு வறட்சியும் தோன்றுவதோடு, வெளியே தெரியாமல் எலும்பும் மெலிகிறது. மார்பில் பால் கசிந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல். பிட்யூட்டரிக் காம்பில் பட்ட காயம், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தும், வாந்திக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மருந்துகளும் உயர்த்தும். மாதவிலக்கு வரவில்லை என்பதற்காகக் கருத்தரிக்க மாட்டாய் என்று எண்ணிவிடாதே. திரும்பி வரும் முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிப்படக்கூடும்.

நான் மிகவும் கவலைப்படுவது அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைப் பற்றி. அது குறைந்தால் சோர்வு, குமட்டல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் எல்லாம் வரும். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வரும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கான முதல் சோதனை, காலை எட்டு, ஒன்பது மணிக்குள் எடுக்கும் இரத்தப் பரிசோதனை. ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரையை நீ சாப்பிட்டுவந்தால் கார்டிசால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கும் சினைப்பை நன்றாக இயங்குகிறது என்பதற்குச் சான்றல்ல.

தைராய்டு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது என்று உன்னை அனுப்பிவிட்டார்கள் என்றாய். டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அந்தச் சுரப்பியே பழுதாகியிருந்தால் அந்த ஒரு எண்ணை நம்ப முடியாது, தைராய்டு சுரக்கும் ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்தே பார்க்க வேண்டும். கார்டிசால், தைராய்டு ஹார்மோன் இரண்டும் குறைந்திருந்தால் முதலில் கார்டிசாலை ஈடுசெய்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரையைத் தொடங்குவார்கள், ஏனெனில் வரிசை மாறினால், கார்டிசால் போதாமல் உயிருக்கே ஆபத்தாகும் அட்ரினல் நெருக்கடி வரக்கூடும். ஆகவே யாரோ சொன்னார்கள் என்று தைராய்டு மாத்திரையை நீயாக வாங்கிச் சாப்பிடாதே.

அளவுகடந்த தாகமும் இடைவிடாமல் சிறுநீர் கழிப்பதும் இருந்தால், அதுவும் பிட்யூட்டரிப் பழுதின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே காட்ட வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் அசதி, தசை இழப்பு, மனச்சோர்வு வரும். அதை ஒரே இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய முடியாது, சுரப்பியைத் தூண்டிவிட்டு அளவு பார்க்கும் தூண்டல் சோதனை தேவைப்படும். காயம் பட்ட உடனேயே தரும் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் இருந்தது. 2014-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அதனால் பயன் தெரியவில்லை. ஹார்மோன் எது குறைகிறதோ அதையே, அளவறிந்து ஈடுசெய்வதுதான் சிகிச்சை.

குழந்தை பெற முடியாமல் போய்விடுமோ என்ற உன் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சினைப்பை நலமாக இருந்து பிட்யூட்டரியிலிருந்து வரும் கட்டளை ஹார்மோன்கள் மட்டுமே வராத நிலையில், ஊசி மூலம் அந்த ஹார்மோன்களைக் கொடுத்துக் கருமுட்டையை வளர்க்க மருத்துவத்தில் வழி இருக்கிறது.

நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு ஹார்மோன் சிறப்பு மருத்துவரான ஓர் எண்டோகிரைனாலஜிஸ்டைப் பார். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, வலிப்பு மருந்து உட்பட நீ சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்கள், விபத்தின்போது எடுத்த ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோ. முதல் சோதனை சரியாக இருந்தாலும் ஓராண்டு முடியும்போது மறுபடியும் செய்ய வேண்டுமா என்று கேள். சிலருக்குக் குறைவு தாமதமாகத் தெரிகிறது, சிலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. நீ விரும்பினால் அன்று நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா