கைபேசியோடு வேலியோரம் நிற்கும் அப்பா அம்மாக்களுக்கு

லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் மைதானத்து வேலிக் கம்பிக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு, பிள்ளையின் ஒவ்வொரு ஸ்விங்கையும் (மட்டை வீச்சையும்) படம்பிடிக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். போன சீசனில் ஒரு நாள் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, என் மனைவி காரோட்ட, பின்சீட்டில் பத்து வயது மகனுக்குப் பதினான்கு வீடியோக்களைப் போட்டுக்காட்டி வகுப்பெடுத்த புண்ணியவான். அடுத்த ஆட்டத்தில் மூன்று முறை மட்டை பிடித்தான். ஒரு பந்துக்குக்கூட மட்டையை வீசவில்லை. "இடுப்பு, முட்டி, கைன்னு யோசிக்கறதுக்குள்ள பந்து போயிடுதுப்பா" என்றான்.

கணக்கும் அவன் பக்கம்தான். பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, மட்டை பிடிப்பவன் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி. மணிக்கு 50 மைல் வேகப் பந்துக்கு அது சுமார் 0.6 நொடிப் பயணம். அதற்குள் எத்தனை அறிவுரையை நினைவுக்குக் கொண்டுவருவான்?

அதனால் ஒரு வேண்டுகோள்: ஆட்டத்தன்று கைபேசி பைக்குள் இருக்கட்டும். பயிற்சியில் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் பாருங்கள், அதையும் அவன் வாயால் முதலில் சொல்லவிட்டு.

வீடியோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் பேஸ்பால் வீரர் டோனி குவின் 1983-இல் அடி சரியாக விழாமல் தவித்தபோது, வெளியூரிலிருந்து மனைவிக்குப் போன் போட்டு, டிவியில் வரும் தன் ஆட்டத்தை டேப்பில் பதிவுசெய்யச் சொன்னார். அடுத்த ஆண்டே .351 பேட்டிங் சராசரியோடு, அமெரிக்கப் பெரிய பேஸ்பாலின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கில் முதலிடம். அந்த முதலிடம் மொத்தம் எட்டு முறை. 'கேப்டன் வீடியோ' என்றே பெயர் வந்தது. ஆனால் டேப்பைக் கேட்டது ஆடிய மனிதர். பார்த்ததும் தன்னுடைய ஸ்விங்கை. நாமோ 193 சென்டிமீட்டர் உயர பேஸ்பால் நட்சத்திரம் ஓதானியைத் திரையில் பாதியும், அவர் நெஞ்சு உயரம்கூட எட்டாத பொடியனை மீதியுமாக ஓடவிட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கிறோம். போன மாதம் அவன் நன்றாக அடித்த பந்தை இந்த மாதத்து அடிக்குப் பக்கத்தில் வைத்தால் போதாதா?

எடுப்பதையாவது ஒழுங்காக எடுப்போம். ஸ்விங் சுமார் 0.2 நொடியில் முடிந்துவிடுகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) எடுக்கும் சாதாரண வீடியோவில் ஆறு படம் தேறும்; பந்து மட்டையில் படும் கணம் பெரும்பாலும் நழுவிவிடும். 240 ஃபிரேம் ஸ்லோமோவில் ஐம்பது கிட்ட வரும். பேட்டிங் கேஜ் வலைக்கு வெளியே, இடுப்பு உயரத்தில், பிள்ளையின் நெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தபடி கைபேசியை வையுங்கள். கைகளுக்கு முன்னால் இடுப்பு திரும்புகிறதா என்பது அந்தக் கோணத்தில் தெரியும். மட்டை வில்லாக வளைந்து தெரிந்தால் பதற வேண்டாம்: கேமரா படத்தை வரிவரியாக எடுப்பதால் வரும் கோளாறு அது. இது தெரியாமல் புது மட்டை வாங்கக் கடைவரை போய்வந்தவன் நான்.

நமக்கு இன்னொரு வியாதி, கிரிக்கெட் கண். தரையில் குத்தி எழும் பந்துக்குச் செங்குத்து மட்டை சரி. இங்கே பந்து குத்தாமல், சற்றுக் கீழ்நோக்கி வருகிறது. மட்டை படுக்கைவாட்டில் வந்து லேசாக மேலேற வேண்டும். "ஸ்ட்ரெயிட் பேட்டுடா!" என்று கத்துவதை கோச்சுகள் இதுவரை பொறுத்துக்கொண்டதே பெரிது.

அடுத்த வீட்டுப் பிள்ளை படத்தில் விழுந்திருந்தால், கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு என் ட்ரைபாடைக் கொண்டுவருகிறேன். யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு ஆட்டத்துக்கு மட்டும் கேட்காதீர்கள், தர மாட்டேன்.