ஒரே கட்டத்தைப் பதினொரு முறை ஒட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மாணவர் பகுதியில் வரும் இணையப் பக்கப் பாடங்களை, பட்டர்வொர்த்தில் என்னிடம் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கிறேன். ஒரு பக்கத்தில் எழுதியதை மற்றப் பக்கங்களிலும் நகலெடுத்து ஒட்டும்படி சென்ற வாரப் பாடம் சொன்னது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களுக்காக ஓர் இணையத்தளம் அமைத்துக் கொடுத்தேன். பந்தல் இருக்கும் இடம், அன்னதான நேரம், ஒருங்கிணைப்பாளரின் எண் ஆகியவை கொண்ட ஒரு சிறிய கட்டம். அதைப் பதினொரு பக்கங்களில் ஒட்டினேன். எண் மாறியபோது பத்துப் பக்கங்களைத் திருத்தினேன். ஜாலான் உத்தாமா பந்தலின் பக்கம் விடுபட்டுப் போனது. அரிசி மூட்டை கொடுக்க விரும்பிய ஓர் அம்மா மூன்று நாள் பழைய எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இணையப் பக்கத்தில் நிரலையும் கலந்து எழுத உதவும் மைக்ரோசாப்டின் ரேஸரில், அந்தக் கட்டத்தை ஒரே ஒரு ஹெல்பராக, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் சிறு துணைப் பகுதியாக, எழுதியிருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் கொடுத்து அழைத்தால், பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளோடு கட்டம் முழுதாக வந்துவிடும். எண் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

என் மாணவி ஒருத்தி அதையே, ரேஸரோடு பயன்படும் நிரல்மொழியான சி ஷார்ப்பில் சாதாரண செயற்கூறாக எழுதி, குறிகளைச் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, திருப்பி அனுப்பினாள். தடித்த எழுத்தில் வர வேண்டிய நேரம், கோணக் குறிகளோடு அப்படியே திரையில் வந்து நின்றது. சரத்தை ரேஸர் வெறும் எழுத்தாகவே காட்டும். யாரோ படிவத்தில் நுழைக்கும் நிரல் பக்கத்தில் இயங்கிவிடக் கூடாது என்று வைத்த காவல் அது. சரத்தைக் குறிகளாகவே வெளியிடும் ‘எச்டிஎம்எல் ரா’ கட்டளையைப் போட்டு அந்தக் காவலையே எடுத்துவிடப் பார்த்தாள், தடுத்தேன். ஹெல்பருக்குள் நாம் எழுதும் குறிகள் குறிகளாகவே போகும். வெளியிலிருந்து வரும் மதிப்புகளுக்குக் காவல் இருந்துகொண்டே இருக்கும்.

பழைய நூல்களை வைத்துப் பயில்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011-இல், ரேஸர் இயங்கும் மைக்ரோசாப்ட் தளத்தின் பழைய பதிப்பான எம்விசி 3-உடன் வந்த @ஹெல்பர் என்ற கட்டளை, அத்தளத்தின் புதிய வடிவமான ஏஎஸ்பி டாட் நெட் கோரில் இல்லை. 2019-இல் கோர் 3.0 வந்த பிறகு, ரேஸர் பக்கத்தில் எழுதும் செயற்கூறுக்குள்ளேயே குறிகளைக் கலந்து எழுத முடிகிறது. பல பக்கங்களுக்குப் பொதுவான கட்டம் என்றால் அதைத் தனிக் கோப்பில், மற்றப் பக்கங்கள் அழைத்துக்கொள்ளும் பக்கத் துண்டாக (பார்ஷியல் வியூ) வைக்கலாம்.

அடுத்த பாடத்தில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். என் மாணவர்களே தட்டச்சு செய்து இயக்கிப் பார்த்த எடுத்துக்காட்டை எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
இணைய நிரலாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு