சனிக்கிழமைப் பயிற்சி: முதலில் ஆட்டம், அப்புறம் திறன்

வணக்கம் நண்பர்களே. விளையாட்டு வழிக் கற்பித்தல் பற்றிய ஆசிரியர் பயிற்சிக்காகச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு மைதானத்தில் கூடுகிறோம். உரை எதுவும் கிடையாது, எல்லோரும் ஆட வேண்டும். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

"விளையாட்டு வழிக் கற்பித்தல் என்றால் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பதுதானே?" என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அப்படி இல்லை. 1982-இல் இங்கிலாந்தில் பங்கர், தோர்ப் என்ற இரு உடற்கல்வி விரிவுரையாளர்கள் முன்வைத்த முறை இது. வரிசையில் நிறுத்தித் திறன்களைப் பழக்குவதற்கு முன்பே சின்ன ஆட்டத்தில் இறக்கிவிடுவார்கள். எப்போது என்ன செய்வது, ஏன் என்பதை மாணவர்களே யோசிப்பார்கள்.

இறகுப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தை நீளவாக்கில் பாதியாக்கி, ஒருவருக்கொருவர் ஆடவிடுங்கள். பக்கவாட்டில் அடிக்க இடமில்லாததால், எதிராளியைப் பின்னுக்குத் தள்ளி வலையருகே போடும் யோசனை மெல்ல வரும். அங்கே நிறுத்தி, "அவரை எங்கே நகர்த்தினால் உனக்கு இடம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நமக்குக் கஷ்டமே அதுதான். பொறுக்காமல் நானே பதிலைச் சொல்லிக் கெடுத்த வகுப்புகள் நிறைய. "பின்கோடு வரை அடிக்க வரவில்லை சார்" என்று மாணவன் சொல்கிறானே, அப்போதுதான் அந்த அடியைக் கற்றுத்தர வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரம் இருவர் இருவராக 10 நிமிட வகுப்பு எடுக்க வேண்டும். வலை ஆட்டமா, இலக்கு ஆட்டமா, மட்டையால் அடித்து ஓடும் ஆட்டமா, எதிரணி எல்லைக்குள் புகும் ஆட்டமா என்று வியாழனுக்குள் இங்கேயே சொல்லுங்கள். எல்லோரும் கால்பந்தையே எடுத்துவிடாதீர்கள்! பந்து, கூம்புகள் இருக்கின்றன. விசிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.