குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். குடிநீர், தெருவிளக்கு, பூங்காப் பராமரிப்பு பற்றிய விவரங்கள் வரவு செலவுக் கணக்குடன் தனியே வழங்கப்பட்டுள்ளதால், இவ்வாண்டு நம்மிடையே மிகுதியாக விவாதிக்கப்பட்ட பண்டிகைக் கொண்டாட்டம் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளாக நம் பொங்கல் விழா விளம்பரதாரர்களின் பணத்திலேயே நடந்து வந்தது. மேடைப் பதாகையில் வீட்டுமனை விளம்பரம் பெரிதாகவும் பொங்கல் வாழ்த்து ஓரமாகவும் இடம்பெற்றதைக்கூடப் பலர் பொறுத்துக்கொண்டனர். ஆனால் 2024 பொங்கலன்று, பணம் கொடுத்த நிறுவனத்தின் பிரதிநிதி வந்து படம் எடுத்துக்கொள்ளும் வரை பால் பொங்கிவிடாதபடி அடுப்பைத் தணித்து வைத்திருந்தது உறுப்பினர்களை மிகவும் வருத்தியது. உதிக்கும் கதிரவனுக்குப் படைக்க வேண்டிய பொங்கல் ஒரு விருந்தினரின் வருகைக்காகக் காத்துக் கிடப்பது முறையல்ல என்று மூத்த உறுப்பினர்கள் எடுத்துரைத்ததை ஏற்று, பண்டிகைகளுக்கு விளம்பரப் பணம் பெறுவதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானிக்கப்பட்டது.

அதன்படி விநாயகர் சதுர்த்திக்குச் சாயம் பூசாத களிமண் பிள்ளையாரே வைக்கப்பட்டார். தீபாவளிக்குத் தள்ளுபடி விற்பனைக் கடைகள் எவற்றுக்கும் வளாகத்தில் இடமளிக்கவில்லை.

பொங்கல் ஏற்பாடுகள் கார்த்திகையிலேயே தொடங்கின. மார்கழிப் பனியில் பச்சைப் பானை உலரவே நாள் பிடிக்கும், அதன் பிறகே சூளையில் அடுக்க முடியும் என்று குயவர் கூறியதால் பானைகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்தோம். ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து மஞ்சள் கொத்தும், கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச் சர்க்கரையும் வந்தன. ஒரு சாண் கரும்பு, கைப்பிடி அரிசி, விரலளவு மஞ்சள் ஆகியவற்றை நெகிழி உறையில் அடைத்து 'பொங்கல் தொகுப்பு' என்று விற்பதை நாம் வாங்கவில்லை. வணிகமே கூடாது என்பது சங்கத்தின் கருத்தன்று. பானை வனைபவரும் மஞ்சள் விளைவிப்பவரும் இந்தப் பண்டிகையை நம்பியே உழைக்கிறார்கள். நம் பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே எண்ணம்.

இவ்வாண்டு விழாவில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது போகியன்று கட்டிய காப்பே ஆகும். கொங்குப் பகுதியில் அன்று மாலை வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி நிலைவாசலிலும் தோட்டத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் செருகுவது நெடுநாள் வழக்கம். சாலையோரத்தில் கட்டாக விற்பதை வாங்கியே பழகிவிட்ட நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பூளைப்பூவைச் செடியில் பார்த்ததில்லை. எனவே ஊர் எல்லையில் உள்ள தரிசு நிலத்துக்கு, உரிமையாளரின் அனுமதியோடு, அவர்களைப் பெரியவர்கள் அழைத்துச் சென்றனர். பஞ்சுபோல் வெளுத்த கதிர்களைக் கொண்ட அந்தச் சிறு செடியைக் கண்டதும், "இது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் இருக்கிறதே!" என்று ஒரு சிறுமி கூவினாள். திரும்பி வந்து கட்டிய காப்பு, கேட்டுக்கொண்ட எல்லா வீட்டு வாசல்களிலும் செருகப்பட்டது. நெல்லையிலிருந்து வந்து குடியேறிய அம்மையார் ஒருவர், மார்கழி முழுவதும் வாசலில் சாணப் பிள்ளையார் மீது பூசணிப்பூ வைத்ததையும், தையில் சிறுமிகள் வைக்கும் சிறுவீட்டுப் பொங்கலையும் பிள்ளைகளுக்கு விவரித்தார். வெவ்வேறு மாவட்டத்தாரின் வழக்கங்கள் நம் தெருவிலேயே இருந்தும் அவற்றை ஒரே மேடை நிகழ்ச்சிக்குள் அடக்கிவிட்டோமே என்று அப்போது தோன்றியது.

14.1.2025 அன்று காலை பொங்கல் தெருவிலேயே, அவரவர் வாசலில் கல் கூட்டி வைக்கப்பட்டது. மறுநாள் பட்டிப் பொங்கலுக்கு, நமக்குப் பால் தருபவரின் பட்டிக்குப் பிள்ளைகள் சென்றனர். சாணத்தால் கரை கட்டி நீர் நிரப்பிய சிறிய தெப்பக்குளத்தில் கன்றை இறக்கி நடத்தியபோது, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று பெரியவர்கள் குரல் கொடுக்க, பிள்ளைகளும் சேர்ந்து கூவினர். தினமும் காலையில் வாசலுக்கு வரும் பால் எந்தக் கொட்டகையிலிருந்து வருகிறது என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர்.

விளம்பர வருவாய் நின்றதால் மேடை, ஒலிபெருக்கி, பரிசுப் பைகள் ஆகியவை இல்லை. பரிசுப் பை கிடைக்காத குறையைச் சிலர் எழுத்துமூலம் தெரிவித்துள்ளனர். அக்கடிதங்கள் இன்று பொதுக்குழுவின் முன் வைக்கப்படுகின்றன. எனினும் முடிவை மாற்ற வேண்டாம் என்பதே செயற்குழுவின் பரிந்துரை. பண்டிகைச் செலவுக்கு விரும்பியவர்கள் கொடுத்த நன்கொடையே போதுமானதாக இருந்தது.

2026 பொங்கலுக்குப் பானை வேண்டுவோர் கார்த்திகை பிறப்பதற்குள் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். காணும் பொங்கலன்று பெண்கள் கூடி ஆவாரம்பூப் பறிக்கச் செல்லும் பூப்பறிக்கும் நோன்பியை மீண்டும் நடத்த மகளிர் குழு முன்வந்துள்ளது. அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்