அம்மாவுக்காக எல்லாவற்றையும் நீங்களே படித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் முதியோருக்கென வரும் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம், மூட்டுவலிக்கு என்ன செய்யலாம், உயில் எப்படி எழுதலாம் என்று எல்லாம் வருகிறது. அறுபதைத் தாண்டியவரும் புதிதாக ஒன்றைக் கற்று வேறு ஆளாக மாறலாம் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி வருவதில்லை. அந்தக் குறை மனத்தை உறுத்துவதால் எழுதுகிறேன்.

எனக்கு 67 வயது. 1979-இல் திருமணமாகி ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்தேன். கணவருக்குத் தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை, குடியிருந்தது அல்சூரில். அல்சூரில் மளிகைக்கடைக்காரர், பூக்காரி, கோயில் குருக்கள் என்று எல்லாரிடமும் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். கன்னடம் காதால் கேட்டே பேச வந்துவிட்டது. படிக்க ஓர் எழுத்துகூடத் தெரியாது. மின்கட்டண ரசீது, ரேஷன் கடைப் பலகை, மாநகராட்சி நோட்டீஸ் எதுவானாலும் அவர் படித்துச் சொல்வார். அவர் காலமான பிறகு அந்த வேலை மகனுக்குப் போனது. "போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு அம்மா, நான் பார்த்துச் சொல்கிறேன்" என்பான். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாசத்துக்குள் நான் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தேன்.

2023 ஜூனில் கர்நாடகத்தில் சக்தி திட்டம் வந்தது. ஆதாரைக் காட்டினால் சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட். காசு மிச்சம்தான், ஆனாலும் எந்த பஸ் எங்கே போகிறது என்று நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கேட்டுக் கேட்டு ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பழைய முதல் வகுப்புக் கன்னடப் புத்தகத்தை விரித்தேன்.

தமிழில் ஒரு 'த' போதும். கன்னடத்தில் அந்த வரிசையில் நான்கு எழுத்துகள். அவற்றில் மூன்று ஏறக்குறைய ஒரே உருவம். வயிற்றுக்குள் ஒரு புள்ளி, அடியில் ஒரு சிறு கீறல், அவ்வளவே வேற்றுமை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். அதைவிடப் பெரிய சோதனை ஒத்தக்ஷரம். நாம் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வைத்து, அடுத்த எழுத்தைப் பக்கத்தில் எழுதுகிறோம். அவர்கள் அடுத்த எழுத்தை அடியில் தொங்கவிடுகிறார்கள். அப்படித் தொங்கும்போது 'ம', 'ய' போன்ற சில எழுத்துகள் அடையாளமே தெரியாமல் மாறிவிடுகின்றன. இன்று படித்தது நாளை மறந்துபோகும். மறுபடி படித்தால் கொஞ்சம் நிற்கும். பேத்தி சிவப்புப் பென்சிலால் சுழித்து, "பாட்டி, இன்னொரு தடவை எழுது" என்பாள். எழுதுவேன்.

எட்டு வயதுக் குழந்தையிடம் திருத்தம் வாங்கிக்கொள்ளும் மனம் நாற்பது வயதில் எனக்கு இருந்ததில்லை. அப்போதெல்லாம் யாராவது திருத்தினால் முகம் சுண்டிவிடும். இந்தப் பொறுமை இப்போதுதான் வந்திருக்கிறது, கற்கப்போனதால்தான் வந்திருக்கிறது. எங்கள் தெரு அடுக்குமாடியில் காவல் இருக்கும் ஒடிசாப் பையன் கன்னட அறிவிப்பைக் காட்டி என்னவென்று கேட்கிறான். நின்று படித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். படிக்கத் தெரியாமல் பலகை முன் நிற்பது எப்படிப்பட்ட வேதனை என்பது எனக்குத் தெரியும்.

அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தபோது கண் கலங்கியவள் நான். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்று அவர் எனக்கு வெறும் பெயர். இன்று அவருடைய மூன்றடிப் பாடல்களை எழுத்துக்கூட்டி நானே படிக்கிறேன். "தமிழச்சிக்கு எதற்கு இதெல்லாம், அதுவும் இந்த வயதில்?" என்றார் உறவினர் ஒருவர். என் தமிழுக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. குறளைக்கூட முன்பைவிட நிறுத்தி, நிதானமாகப் படிக்கிறேன்.

பெற்றோரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வங்கிப் படிவத்தை நீங்களே நிரப்பிக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அவர்களே நிரப்பட்டும். அரை மணி நேரம் ஆகும்; ஆகட்டும். என் மகன் இப்போது நோட்டீஸை என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். இங்குள்ள தமிழ் அமைப்புகளும் முதியோருக்குச் சொற்பொழிவும் மருத்துவ முகாமும் நடத்துவதோடு, அவர்கள் உட்கார்ந்து படிக்க ஒரு வகுப்பும் நடத்தட்டும்.

ஆசிரியர் அவர்களே, அறுபதுக்கு மேல் புதிதாகக் கற்றவர்கள் எழுதுவதற்கு அந்தப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மிருதங்கம் கற்று வருகிறார். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் இடம் தந்தால் முதலில் அவர் எழுதுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு