மனப்பாடத்தைத் திட்டாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ பொரிந்து தள்ளியதற்குப் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மொழியில் பழைய பாட்டு ஒன்று சொல் என்று உன் அறைத்தோழி கேட்க, உன் வாயில் வந்தது பாரி மகளிர் பாட்டு. ஐந்து அடியும் தடங்கலில்லாமல் வந்துவிட்டதாம். பொருள் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாளாம்: "அப்பா போய்விட்டார், மலையும் போய்விட்டது என்கிறாய். அப்புறம் ஏன் இதில் யாருமே அழவில்லை?" இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் உன் கோபம்.

கோபத்தில் பாதி நியாயம். நயம் பாராட்டல் ஞாபகம் இருக்கிறதா? கேள்வித்தாளில் என்ன பாட்டு வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை", "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை" என்று எழுத ஆரம்பித்துவிடுவாய். யார் பாட்டு வந்தாலும் அதே யானை, அதே வைகை. மார்க்கும் போட்டார்கள். பாட்டைப் படிக்காமலே பாட்டைப் பாராட்டலாம் என்று ஒரு பிள்ளைக்குப் பழக்கிவிட்டால், அந்தப் பிள்ளை அப்புறம் எதற்குப் படிக்கப்போகிறது?

செய்யுள் என்றாலே முகம் சுளிக்கிற நீ, சீர்களை அசை அசையாகப் பிரிக்கிற அலகிடுதல் வந்தபோது மட்டும் குஷியானாய். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று கணக்குப் போடுவது மாதிரி போட்டுக்கொண்டே போவாய். குறளின் கடைசிச் சீர் நாளா, மலரா, காசா, பிறப்பா என்று கண்டுபிடிப்பதில் உனக்கு இருந்த ஆசை, அந்தக் குறள் என்ன சொல்கிறது என்பதில் இல்லை. பிளஸ் டூவில் அந்த ஆசையும் போய், மார்க் மட்டும் மிஞ்சியது.

ஆனால் மனப்பாடத்தையும் சேர்த்துத் திட்டுகிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடிபிறழாமல் எழுதச் சொல்லி உயிரை எடுத்தார்கள், சரிதான். அப்படி எடுக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்லியிருப்பாய்? அப்பாவைப் பறிகொடுத்தவர்களின் பாட்டு பள்ளிக்கூட வயதில் புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அதிகம். (நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சுகர்கூடக் கட்டுக்குள் இருக்கிறது.) புரிகிற வயது வரும்போது பாட்டு கைவசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தமிழம்மா ராகம் போட்டுச் சொல்வதை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிப்பாய். நீ தோழியிடம் சொன்னதும் அதே ராகத்தில்தான் இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

சரி, அவள் கேள்விக்கு வருவோம்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன பௌர்ணமியைச் சொல்லும்போது அப்பா முதலில், குன்று அடுத்து. இந்தப் பௌர்ணமிக்கு வரிசை மாறிவிடுகிறது. நிலா வருகிறது, முரசு வருகிறது, வேந்தர் வருகிறார்கள், குன்று போகிறது. அப்பா வரவே இல்லை. சொல்லியாக வேண்டியதைச் சொல்ல முடியாமல் மற்றதையெல்லாம் முதலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் சொல்லிவிடுகிறார்கள், அதோடு பாட்டும் முடிந்துவிடுகிறது. அழுவதற்கு அதற்கு மேல் அடி எங்கே இருக்கிறது? அற்றை, இற்றை என்று எதுகைக்குக் கோடு போட்ட அதே வரிகள்தான் இவை.

அந்த முரசை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதே. புறநானூற்றில் இது 112ஆம் பாட்டு. கொஞ்சம் பின்னால் போய் 109ஐப் படி. பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரைப் பார்த்து, பாரியின் நண்பரான புலவர் கபிலர் பேசுகிறார். உழாமலே விளைகிற மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் இந்த மலையில் இருக்கின்றன, சண்டை போட்டு இதை வாங்க முடியாது என்கிறார். ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் போய்க் கேளுங்கள், பாரி நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். அடுத்த பாட்டில், பறம்பு நாட்டின் முந்நூறு ஊரையும் பரிசிலர்கள் ஏற்கெனவே வாங்கிப்போய்விட்டார்கள், மிச்சம் நானும் பாரியும் இந்தக் குன்றும்தான் என்கிறார். இரண்டையும் படித்துவிட்டு 112க்குத் திரும்பி வா. அந்தப் பெண்கள் எதிரியைப் புகழ்வது போல 'வென்றெறி முரசு', அதாவது வென்று முழக்குகிற முரசு என்கிறார்களே, அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள்?

உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது பழைய உரையையும் சேர்த்தே கொடுத்தார். உரை 266ஆம் பாட்டு வரைதான் கிடைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அதற்குள் வந்துவிடுகிறது. உரையை அப்புறம் பார், முதலில் நீயாக யோசி. ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது சொல். அம்மாவிடம் முதலிலேயே பேசி முடித்துவிடு.

அன்புடன்,
அப்பா